ரெமியின் கணு

பொழுது சாய்ந்தால் எங்கள் தெருவில் எல்லாரும் படுத்துவிட வேண்டும். தூக்கம் வருகிறதா இல்லையா என்பது வேறு விஷயம். எல்லாரும் படுத்தால்தான் கதவு மூடும். கதவு மூடினால்தான் மறுநாள் காலையில் எழுந்திருக்க ஆள் இருக்கும். இது பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் தம்பி இஞ்ஞாசிக்கு மட்டும் நாற்பது வயதாகியும் மண்டையில் ஏறவில்லை. கடல்பக்கம் வானம் சிவந்த பிறகுதான் அவனுக்கு வெந்நீர் குடிக்கத் தோன்றும், இருமல் மாத்திரை தேடத் தோன்றும், உலகத்தில் உள்ள அத்தனை வேலையும் ஞாபகம் வரும்.

“படுக்கியா, இல்ல உனக்காக நாங்க மூணு பேரும் மூட்டத்தக் குடிக்கணுமா?” என்று தினமும் நான் கத்துவேன். அவன் சிரித்துக்கொண்டே தன் குழியில் இறங்கிப் படுப்பான். என் வீட்டுக்காரர் கஸ்பார் அதற்குள் கண்ணை மூடியிருப்பார். மகள் ஜெசிந்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். கடைசியாக நான். தரையில் நாலு குழி, நாலு மூச்சு. வாசலில் தொங்கும் பெரிய இலை அதை எண்ணி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். பிறகு ஈரத்துணியை உதறுவது போன்ற சத்தத்தோடு சுருண்டு வந்து வாசலை அடைத்துக்கொள்ளும். மறுநாள் வெயில் பட்டால்தான் திறக்கும். அதுவரை யார் தட்டினாலும் கேட்காது.

எங்கள் வீடு ஒரு தண்டு. நகரவைக்காரர்கள் மாடுலர் பயோ ஹவுசிங் என்று வாய் நிறையச் சொல்வார்கள். தெருவில் நாங்கள் கணுவீடு என்போம். கல்யாணத்தின்போது ஒரு விதை தருவார்கள். அது வருஷத்துக்கு ஒரு அடுக்கு வளரும். ஒரு கணு, அதற்கு மேல் மூங்கிலைப் போல உள்ளே வெறுமையாக ஒரு கணுவிடை, ஒரு இலை, இலையின் இடுக்கில் தேங்காய் அளவுக்கு ஒரு மொட்டு. அடுத்த வருஷம் அதற்கு மேல் அதே நான்கும் திரும்ப வரும். எத்தனை வருஷம் போனாலும் அந்தச் செடிக்குப் புதிதாக ஒன்றும் யோசிக்கத் தெரியாது. கணுவிடைதான் நாங்கள் வாழும் அறை, இலைதான் கதவு. உதிர்ந்த இலைகளின் தழும்புகளைப் பிடித்துத்தான் வெளியே ஏறி இறங்குவோம்.

கடல் செத்த பிறகு வந்த வீடுகள் இவை. தூத்துக்குடிக் கரை முழுக்க இப்போது இப்படித்தான். வெயில் மறைந்ததும் கடலடியில் அழுகிக் கிடப்பதெல்லாம் ஆவியாகிக் கரையேறும். கெட்டுப்போன முட்டை நாற்றம் அடிக்கும். காற்றைவிடக் கனம் என்பதால் முதலில் தெருவை நிறைத்து, பிறகு மெதுவாக மேலே ஏறும். அதைத்தான் மூட்டம் என்கிறோம். மூச்சுக்குள் போனால் முதலில் நாற்றம் தெரியாமல் போகும், பிறகு ஒன்றுமே தெரியாமல் போகும். உயரத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கூடுதல், அவ்வளவுதான்.

கதவு மூடிய பிறகு எங்களுக்குக் காற்றைக் கொடுப்பதும் வீடுதான். அதுவும் குழிக்கு ஓர் ஆள் என்று அளந்துதான் கொடுக்கும். ஓர் ஆள் கூடினால் விடிவதற்குள் அத்தனை பேருக்கும் தலை வெடிக்கும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தவர்கள் சொல்ல வரவில்லை. அதனால் எங்கள் தெருவில் விருந்தாளி இரவு தங்குவது என்பதே கிடையாது. எவ்வளவு நெருங்கிய சொந்தமே ஆனாலும் மாலை பஸ்ஸுக்கு ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை.

தை பிறந்தால் புது அறை தயாராகிவிடும். பழைய அறை மரமாக இறுகி, காற்றுக் கொடுப்பதை நிறுத்தத் தொடங்கும். அதற்குள் மூட்டை முடிச்சோடு ஓர் அடுக்கு மேலே ஏறிவிட வேண்டும். இதற்கு மேலேற்றம் என்று பெயர். எங்கள் தெருவில் இதற்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்காரி முதலில் தனியாக ஏறிப் போவாள், அதுவும் உச்சி வெயிலில். தரையில் எத்தனை குழி வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, இறங்கி வந்து எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்வாள். அவள் சொல்லும்வரை வீட்டில் உள்ள மற்றவர்கள் அண்ணாந்துகூடப் பார்க்கக் கூடாது.

ஏனென்றால் வீடு வருஷம் முழுக்க எங்கள் மூச்சைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. யார் மூச்சு எவ்வளவு என்று அதற்குக் கணக்கு உண்டு. வயிற்றில் பிள்ளை தங்கினால், தாய்க்குத் தெரியும் முன்பே மேல் அறையில் சின்னதாக ஒரு குழி விழுந்திருக்கும். அதேபோல், யாருக்கு இடம் தேவைப்படாது என்று அதற்குத் தோன்றுகிறதோ அவருக்குக் குழி வராது. செடிக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. குழி குறைந்தால் அந்த வீட்டுக்காரி கீழே வந்து எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு ஒப்பாரி வைப்பாள். யாருக்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். மழைக்காலம் வருவதற்குள் தெரிந்துவிடும்.

ஆறு வருஷத்துக்கு முன்பு நான் ஏறிப் போனேன். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் நாலு இருந்தது. கீழே வந்து நாலு என்று சொன்னேன். சொன்ன மாதத்திலேயே என் மகன் ரெமிக்குக் காய்ச்சல் வந்தது, ஒரே வாரத்தில் போய்விட்டான். எட்டு வயது. மூச்சில் நோய் ஏற்கெனவே இருந்திருக்கிறது, செடி அதை மோப்பம் பிடித்திருக்கிறது என்று நகரவை டாக்டர் படம் போட்டு விளக்கினார். விளக்கம் யாருக்கு வேண்டும்? நான் வாயைத் திறந்து சொல்லாமல் இருந்திருந்தால் அவன் இருந்திருப்பான் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் எனக்குள் புகுந்துகொண்டது. அது இன்றுவரை முழுசாகப் போகவில்லை.

அவன் கடைசியாகப் படுத்திருந்த அடுக்குக்கு நான் தினமும் மத்தியானத்தில் இறங்கிப் போவேன். இலை உதிர்ந்து, சுவர் மரமாகி, வெறும் பொந்தாகக் கிடக்கும் அறை அது. இலைத்தழும்புக்கு மேலே அந்த வருஷத்து மொட்டு மட்டும் பச்சையாகத் தூங்கிக்கொண்டிருக்கும். அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வேன். அழுவேன், சில நாள் வெறுமனே இருப்பேன். வீட்டில் கேட்டால் துணி காயப்போடப் போனேன் என்பேன். யாரும் நம்பவில்லை, யாரும் மறுத்துப் பேசவும் இல்லை.

இந்தத் தையில் மறுபடி ஏறினேன். மூன்று குழி.

திரும்பத் திரும்ப எண்ணினேன். கையால் தடவிப் பார்த்தேன், நாலாவது எங்காவது மேடிட்டுக் கிடக்கிறதா என்று. தரை வழவழவென்று பாளையைப் போல இருந்தது. குழிகள் அந்தச் சமயத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆள் படுத்த பிறகுதான் உடம்புக்கு ஏற்ப வடிவம் எடுக்கும். அதனால் யாருடையது இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. எனக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இஞ்ஞாசியின் இருமல்தான் வீடு முழுக்கக் கேட்கிறதே. அவனைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவள் நான். அப்பனும் ஆத்தாளும் ஒரே இரவில் மூட்டத்தில் போனபோது என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றவன் அவன்.

கீழே மூவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு என்று சொன்னேன். குழி இன்னும் ஈரமாக இருக்கிறது, ஒரு வாரம் கழித்து ஏறலாம் என்றும் சொன்னேன். அப்படியொரு பொய்யை எங்கள் தெருவில் எவளும் சொல்லியிருக்கமாட்டாள். கஸ்பார் மூச்சை விட்டுவிட்டு, டீ போடு என்றார். ஜெசி மட்டும் என்னைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்ததாகத் தோன்றியது. அவள் எப்போதும் வெளியேதான், காலையில் இலை திறந்ததும் போனால் வானம் சிவக்கும்போதுதான் உள்ளே வருவாள். அவள் பார்வைக்கெல்லாம் அர்த்தம் தேடிக்கொண்டிருக்க எனக்குப் பொழுதில்லை.

மிளகாய்ச் செடியின் நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் கிளைக்கும் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். கணுவீட்டின் நுனியிலும் ஒரு சாறு ஊறுகிறது. அது கீழே இறங்கி, ஒவ்வொரு கணுவிலும் இருக்கும் மொட்டைத் தூங்கு தூங்கு என்று அமர்த்தி வைக்கிறது. நுனி போனால் மொட்டு முழிக்கும். ஒவ்வொரு மொட்டும் தான் பிறந்த வருஷத்து அறையைத்தான் மடித்து வைத்திருக்கும். இப்போது நாங்கள் இருக்கும் அறையின் மொட்டு முழித்தால் நாலு குழி கிடைக்கும். இவ்வளவுதான் என் கணக்கு. நுனியில் கை வைப்பது குற்றம், நகரவை வீட்டையே பிடுங்கிவிடும். தெரிந்துதான் செய்தேன்.

காற்று பலமாக அடித்த ஒரு பகலில், வீட்டில் யாரும் இல்லாதபோது, மீன் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். புது அறை இன்னும் வாழைத்தண்டு போல இளசாகத்தான் இருந்தது. கணுவுக்குச் சற்று மேலே சுற்றிச் சுற்றி அறுத்தேன். பால் வழிந்து கை பிசுபிசுத்தது. பாதிக்கு மேல் காற்றே பார்த்துக்கொண்டது. மூன்று குழி அறை நுனியோடு சேர்ந்து சரிந்து தெருவில் போய் விழுந்தது. மாலையில் எல்லாரும் கூடி, இந்தக் காற்றுக்கு இது பாவம் என்ன செய்யும் என்று என்னைத் தேற்றினார்கள்.

கொஞ்ச நாளில் மொட்டுகள் முழித்தன. நான் நினைத்ததுபோல ஒன்று மட்டும் முழிக்கவில்லை. எங்கள் அறையின் மொட்டு விரல் நீளத்துக்குத் துளிர் விட்டது. அதற்குக் கீழே ஒன்றும் விட்டது. அவற்றுக்கெல்லாம் கீழே, நான் ஆறு வருஷமாக முதுகு சாய்த்து மூச்சு விட்ட மொட்டு, தொடை பருமனுக்குக் கிளம்பி வந்தது. அத்தனை வருஷமும் அதற்கு நான்தான் தீனி போட்டு வளர்த்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். ஒரு கிளை முந்திவிட்டால் அதன் நுனிச்சாறு மற்றவற்றை அடக்கிவிடும். மேலே இருந்த துளிர்கள் கருகி உதிர்ந்தன. ஆவணிக்குள் ரெமியின் கணுவிலிருந்து புதிதாக ஓர் அறை பக்கவாட்டில் நீண்டு நிமிர்ந்து நின்றது. அதற்கு மேல் அடுக்கு இனி அடுத்த ஆவணிக்குத்தான்.

முறைப்படி நான்தான் முதலில் போனேன். ஐந்து குழி. சந்தோஷப்பட வேண்டியவள்தானே? நாலு உயிரும் தப்பியது என்று கும்பிட்டிருக்க வேண்டும். நான் ஐந்தாவது குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டேன். மற்ற நாலும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவு. அது மட்டும் குறுகலாக, ஒல்லியாக, ஏற்கெனவே வடிவம் எடுத்திருந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் அளவும் இல்லை. பதினாலு வயதில் அவன் எவ்வளவு இருப்பானோ அவ்வளவு நீளம். கையை வைத்தேன், வெதுவெதுவென்று இருந்தது.

வேறு வழியில்லை, பழைய அறை இறுகிக்கொண்டே வந்தது. அடுக்குகள் இறங்கிக் குடிபோனோம். தெருவில் ஒருத்தரும் கீழ்நோக்கிக் குடிபோனது கிடையாது. வாசல்கள் எல்லாம் எங்களையே பார்த்தன. முதல் நாள் மாலை நாலு பேரும் படுத்தோம். இலை அசையவில்லை. காத்திருந்தது. ஒரு மூச்சு குறைகிறது அதற்கு. நாற்றம் படியேறி வரத் தொடங்கியதும் கஸ்பார் எழுந்து ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, ஓரங்களில் களிமண்ணை அப்பினார். அப்படியே பல இரவுகள். இஞ்ஞாசி இருமி இருமி எலும்பும் தோலுமானான். யாரைக் காப்பாற்ற இதைச் செய்தேனோ அவனையே கொன்றுகொண்டிருந்தேன். விடியவிடிய அந்த இலை திறந்தபடி ரெமிக்காகக் காத்துக்கொண்டே இருந்தது. சொன்னால் அடிக்க வருவீர்கள்: அவனுக்காக இந்த உலகத்தில் காத்திருக்க இன்னொன்றும் இருக்கிறதே என்று எனக்கு ஒரு ஆறுதல்.

பிறகு ஒரு மாலை இலை மூடிக்கொண்டது.

நாங்கள் நாலு பேரும் அப்படியே படுத்துக் கிடந்தோம். யாருக்கும் எழுந்து பார்க்கத் தைரியம் இல்லை. கடைசியில் கஸ்பார்தான் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். ஐந்தாவது குழி நிறைந்திருந்தது. தரைக்குள் இருக்கும் தண்டின் சோற்றுச்சதை பொங்கி எழும்பி, பனங்குருத்தின் வெண்மையில், ஒரு பக்கமாக ஒருக்களித்து முழங்காலை மடித்த மாதிரி ஒரு திரட்சி. முகம் கிடையாது, கை கால் கிடையாது. ஆனால் அது ஏறி இறங்கியது. இரண்டு மூச்சு நீளமாக, மூன்றாவது சின்னதாக. ரெமி தூங்கும்போது அப்படித்தான். குறைந்ததைச் செடி தானே செய்து நிரப்பிக்கொண்டது.

கஸ்பார் கத்தியை எடுத்தார். நான் குறுக்கே விழுந்தேன். என்னவெல்லாம் பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. அதை வெட்டுவதென்றால் என்னை வெட்டிவிட்டு வெட்டுங்கள் என்று சொன்னதாக இஞ்ஞாசி பிறகு சொன்னான். கத்தி கீழே விழுந்தது. அன்று இரவு களிமண் இல்லை, சாக்கு இல்லை, இஞ்ஞாசி இருமாமல் தூங்கினான்.

ஜெசி காலையில் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கோவில்பட்டியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்ததாம், தையிலேயே. மேலறை விழுந்து வீடு அல்லாடியதால் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாளாம். அங்கே மூட்டம் எட்டாது, கல்வீடுகள். தைக்கு முந்தின ஒரு வருஷமாகப் பகலெல்லாம் அந்த வேலைக்குத்தான் அலைந்திருக்கிறாள். இந்தக் குடும்பத்தில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்ற நினைப்பு உனக்கு இருக்கிறதா என்று நான் சத்தம் போட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

“தெருவுல விழுந்து கெடந்த அறைக்குள்ள நான் எட்டிப் பாத்தேம்மா. மூணு குழிதான் இருந்திச்சி. மாமா சாவப்போறாருன்னு நீ நெனச்சிருக்க. அது மாமா இல்ல. அது நான். பகல்ல நான் இங்க மூச்சே விடல, போவப்போற ஆளுன்னு வீட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒனக்குத்தான் தெரியல.”

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை உயிரோடு ஊரை விட்டுப் போனதே கிடையாது. கல்யாணமென்றால் பக்கத்திலேயே விதை ஊன்றுவார்கள், இங்கே குறையும் குழி அங்கே விழும், அதைக் குறைவென்று யாரும் எண்ணுவதில்லை. அதனால் குழி குறைந்தால் சாவு என்பதைத் தவிர வேறு ஒன்று எங்கள் யாருடைய புத்தியிலும் உறைத்ததில்லை. அவள் போகப்போகிறாள் என்று அன்றே தெரிந்திருந்தால், மூன்று குழி அறையில் நாங்கள் மூவரும் உயரத்தில் நிம்மதியாக இருந்திருப்போம். அல்லது அப்போதும் நான் அறுத்திருப்பேனோ என்னவோ. அவளைப் போகவிட்டிருப்பேன் என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. வாசலில் நின்று அவள் கடைசியாகச் சொன்னது, “அங்க கதவ நாமளே சாத்திக்கலாம்மா,” என்பதுதான்.

அவள் போன பிறகு இலை சில இரவுகள் காத்திருந்தது. ரெமிக்குக் காத்த அளவுக்கு இல்லை. செடிக்கு இப்போது வழி தெரிந்துவிட்டது. ஒரு மாலை மூடிக்கொண்டது. விளக்கை எடுத்துப் பார்த்தபோது ஜெசியின் குழி நிறைந்திருந்தது, சுவரைப் பார்த்துத் திரும்பியபடி. தூங்கும்போது அவளுக்கு மூக்கில் மெல்லிய விசில் கேட்கும். அது கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். இதைவிடக் கேவலம் ஒரு தாய்க்கு உண்டா என்று தெரியவில்லை.

மனிதர் எதற்கும் பழகிவிடுகிறார். கத்தி எடுத்த கஸ்பார்தான் முதலில் அவற்றுக்குப் போர்வை போர்த்தினார். பார்க்கச் சங்கடமாக இருக்கிறது, அதனால்தான் என்றார். பிறகு படுக்கும் முன் ஒவ்வொரு போர்வையையும் இழுத்துச் சரிசெய்வது அவருக்கு வழக்கமாகிவிட்டது. எல்லாரும் படுத்தாச்சா என்று கேட்பார், ஒரு சுற்றுப் பார்ப்பார், நிம்மதியாகக் கண்ணை மூடுவார். நான் என் குழியில் இலை மூடும்வரை படுத்திருப்பேன். மூடியதும் மெதுவாக எழுந்து போய் ரெமியின் பக்கத்தில் வெறுந்தரையில் சாய்ந்து, கையை அதன்மேல் போட்டுக்கொள்வேன். விடியும்வரை அங்கேதான்.

ஞாயிறுதோறும் ஜெசி போன் பேசுவாள். என்ன சாப்பிட்டாய், வேலை எப்படி என்று நானும் கேட்பேன். கேட்கும்போதே சுவர்ப்பக்கம் அந்த விசில் கேட்டுக்கொண்டிருக்கும். சில நாள் எந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்கிறேன் என்று குழம்பிவிடும். அவள் குழி காலியாக இல்லை என்பதை நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

மாதா திருநாளுக்கு வருகிறேன் என்றாள். காலை பஸ்ஸில் வந்து, இரவு தங்கி, மறுநாள் கிளம்புகிறாளாம். “என் எடம் சும்மாதான கெடக்கு?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் வரும் நாள் காலையில், மற்ற இருவரும் கோவிலுக்குப் போயிருந்தபோது, அதே மீன் கத்தியோடு அந்தப் போர்வையை விலக்கினேன். ஒரு கைப்பிடி அளவு தோண்டி எறிந்தால் போதும், மூச்சு நின்றுவிடும், என் மகள் அவள் இடத்தில் படுப்பாள். கத்தியை வைத்தேன். அது விசிலடித்தது. ஓர் அம்மாவுக்குத் தன் பிள்ளை எது, பிள்ளையின் சத்தம் எது என்று தெரியாமல் போகுமா? தெரிந்தது. தெரிந்தும் கை வரவில்லை. அவள் வரட்டும், வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று போர்வையை மறுபடி இழுத்துவிட்டேன்.

பஸ் வழியில் பழுதாகிவிட்டது. மத்தியானம் வர வேண்டியவள் வானம் சிவக்கும்வரை வரவில்லை. இஞ்ஞாசி படுத்துவிட்டான். கஸ்பார் போர்வைகளைச் சரிசெய்துவிட்டு, அவள் பாதி வழியிலேயே திரும்பியிருப்பாள், நீ வந்து படு என்றார். நான் வாசலைத் தாண்டி இலைத்தழும்பில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் படுக்காமல் கதவு மூடாது, அதனால் எனக்கு அவசரமில்லை. தெருமுனையில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. ஜெசி ஓடிவந்தாள், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு. இறங்கிப்போய் அவள் கையைப் பிடித்து மேலே இழுத்தேன். இளைத்துப் போயிருந்தாள். வியர்த்திருந்தாள். அவள் கை சூடாக, கனமாக, எலும்போடு இருந்தது. எட்டு மாதமாக நான் மறந்திருந்த கனம் அது.

அப்போது எனக்குப் பின்னால் ஈரத்துணியை உதறும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தபோது இலை சுருண்டு வாசலை அடைத்திருந்தது. முதலில் எனக்குப் புரியவே இல்லை. நான் இங்கே நிற்கிறேனே, எண்ணிக்கை எப்படிச் சரியாகும்? பிறகு புரிந்தது. கொஞ்ச நாளாகவே என் குழியின் ஆழம் குறைந்து வந்தது. உடம்பு பெருத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இரவெல்லாம் ரெமியின் பக்கத்தில் கிடந்தேனே தவிர, என் இடத்தில் நான் மூச்சு விட்டது எவ்வளவு? செடி கணக்குப் பார்த்திருக்கிறது. என்னைக் கழித்துவிட்டு, என்னைச் செய்துகொண்டுவிட்டது.

இரண்டு கையாலும் இலையை அறைந்தேன். சத்தம் அந்தச் சதைக்குள் புதைந்து போனது. நாற்றம் படி படியாக ஏறி வந்துகொண்டிருந்தது. ஜெசி போனை எடுத்து அவள் அப்பாவைக் கூப்பிட்டாள், எனக்கும் கேட்கும்படி வைத்தாள். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். எங்கட்டி இருக்க, பத்திரமாத் திரும்பிட்டியா என்று கேட்டார். அம்மா வெளியே நிற்கிறாள் என்று அவள் கத்தினாள்.

“அம்மாவா? இந்தா, எம்பக்கத்துல படுத்துக் கெடக்கால்லா. போர்வையப் போத்திவிட்டேன், அசந்து தூங்குதா. கதவும் மூடியாச்சி. காலைல பேசு மக்கா.”

ஏங்க, நான் இங்கே நிற்கிறேன் என்று போனில் குரல் கொடுத்தேன். அவர் சிரித்தார். அம்மா மாதிரியே பேசுதியே என்றார். வைத்துவிட்டார்.

ஜெசி மறுபடி கூப்பிடப் போனாள். நான் போனைப் பிடித்துக்கொண்டேன். விடியும்வரை அந்த இலையை அவராலும் திறக்க முடியாது. நான் சொல்வதை அவர் நம்பிவிட்டால், பக்கத்தில் மூச்சு விடுவது எது என்று தெரிந்துகொண்டு அந்த இரவு முழுவதும் அதோடு அவர் கிடக்க வேண்டும். விட்டுவிடு, தூங்கட்டும் என்றேன். எங்களைப் பார்த்துவிட்டுத் தெருமுனையிலேயே நின்ற பஸ்காரர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவள் என் மூக்கில் துப்பட்டாவை வைத்து அழுத்தினாள், இருவரும் தழும்பு தழும்பாக இறங்கி ஓடினோம்.

பஸ் நகர்ந்த பிறகும் எனக்கு அவர் குரல்தான் காதில் இருந்தது. ரெமி போன நாளிலிருந்து அந்த மனிதர் அவ்வளவு நிம்மதியாகப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் எல்லாரும் இருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.